பனிக்கட்டி உருகினால் காப்பி எங்கே போகிறது?
வியட்நாம் ஐஸ் காப்பியில் ஒரு வெப்பப் பாடம்

ஒரு குவளை சூடான காப்பியைக் கலக்கி, அதில் பனிக்கட்டிகளைப் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் காப்பி குளிர்ந்துவிடும். ஆனால் சுவை? வெளிறிப்போய், தண்ணீர் கலந்ததுபோல் இருக்கும். இதே வெயிலும் இதே புழுக்கமும் உள்ள ஹோ சி மின் நகரத்தின் நடைபாதைக் கடைகளில், உயரமான கண்ணாடிக் குவளை நிறையப் பனிக்கட்டி போட்டுக் காப்பி தருகிறார்கள். அது கடைசி மடக்கு வரை கெட்டியாகவே இருக்கிறது. இதில் இரகசியப் பொடி எதுவும் இல்லை. படிவம் 4 இயற்பியலில் வரும் வெப்பப் பாடமும், வேதியியலில் வரும் செறிவுப் பாடமும்தான் அந்தக் குவளைக்குள் இருக்கின்றன.

இந்த வாரம் அந்தக் குவளையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கின் முடிவில், தேர்வுக்காக இரவில் கண்விழித்துப் படிக்கும் உங்களுக்கு மிகவும் பயன்படும் ஓர் உண்மையும் கிடைக்கும்.

பெயரிலேயே பொருள்

வியட்நாமில் இந்தப் பானத்திற்கு 'கா ஃபே சூவா தா' என்று பெயர். 'கா ஃபே' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த காப்பி. 'சூவா' என்றால் பால். 'தா' என்றால் கல். பனிக்கட்டிக்கும் அதே சொல்தான்.

காப்பிச் செடியை வியட்நாமுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சு கத்தோலிக்க மறைபரப்பாளர்கள். ஆண்டு 1857 என்று குறிப்பிடப்படுகிறது. வெப்ப நாட்டில், குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், பசும்பால் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். எனவே டின்னில் அடைத்துவந்த இனிப்புப் பாலைக் காப்பியில் ஊற்றிக் குடித்தார்கள். நாம் 'சூசு பெக்காட்' என்று கடையில் கேட்டு வாங்கும் அதே டின் பால்தான். 1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு வியட்நாமின் காப்பிச் சாகுபடி வேகமாகப் பெருகியது. இன்று பிரேசிலுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகக் காப்பி விளைவிக்கும் நாடு அதுதான். விளைவதில் பெரும்பகுதி, தாக் லாக் போன்ற மத்திய மேட்டுநில மாநிலங்களில் வளரும் 'ரொபஸ்டா' வகை. இந்த வகையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஃபின் என்ற சிறு வடிகட்டி

வியட்நாமியர் காப்பி வடிக்கப் பயன்படுத்தும் உலோக வடிகட்டிக்கு 'ஃபின்' என்று பெயர். அதற்கு நான்கு பாகங்கள்: குவளையின் விளிம்பில் உட்காரும் துளையிட்ட அடித்தட்டு, தூள் போடும் சிறு கிண்ணம், தூளின்மேல் வைக்கும் துளையிட்ட அழுத்துத் தட்டு, மூடி. நம் பாட்டி வீட்டுக் காப்பி ஃபில்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஏறக்குறைய 20 கிராம் தூளைப் போட்டு, முதலில் சிறிதளவு வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விடுவார்கள். தூள் உப்பி, குமிழ் விடும். வறுக்கும்போது கொட்டைக்குள் உருவாகித் தங்கிவிட்ட கரிமவளி வெளியேறுவதே இதற்குக் காரணம். வளி வெளியேறிய பிறகு நீர் தூளுக்குள் சீராகப் புகும். அடுத்து மீதி வெந்நீரை ஊற்றி மூடிவிட்டால், 4 அல்லது 5 நிமிடங்களில் சொட்டுச் சொட்டாகக் காப்பி இறங்கும்.

இங்கே நடப்பது கரைத்துப் பிரித்தெடுத்தல். வெந்நீர் கரைப்பான், தூளில் உள்ள காஃபின், அமிலங்கள், நிறப்பொருள்கள் ஆகியவை கரைபொருள்கள். எவ்வளவு கரையும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. தூள் நுண்மையாக இருந்தால் மேற்பரப்பு கூடும், வேகமாகக் கரையும். நீர் சூடாக இருந்தால் துகள்களின் இயக்க ஆற்றல் கூடும்; வேகமாகக் கரையும். நீர் தூளோடு அதிக நேரம் தொடர்பில் இருந்தால் இன்னும் அதிகம் கரையும். ஆனால் தூளை மிகவும் நுண்மையாக அரைத்துவிட்டால் நீர் இறங்காமல் நின்றுவிடும், கசப்பும் மிகும். அதனால்தான் ஃபின்னுக்கு நடுத்தரமான, சற்றே கொரகொரப்பான தூள் பொருந்துகிறது.

100 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றினால், தூள் உறிஞ்சியதுபோக ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் காப்பிதான் குவளைக்கு வரும். இவ்வளவு சிறிய அளவு ஏன் என்பதைக் கணக்கு சொல்லும்.

80 பாகை விதி

பனிக்கட்டி உருகும்போது அதன் வெப்பநிலை கூடுவதில்லை. அது வாங்கும் வெப்பம் முழுவதும், திண்மத்தைத் திரவமாக்கவே செலவாகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் 'ஹாபா பெண்டாம்' இதுதான். 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் என்ற அறிஞர் இதை அளந்து காட்டினார்.

இரண்டு எண்கள் போதும். 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் தேவை. 1 கிராம் நீர் 1 பாகை செல்சியஸ் குளிரும்போது 4.2 ஜூல் வெளிவிடும். அப்படியானால் 1 கிராம் நீர் 80 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிரும்போது

4.2 × 80 = 336 ஜூல்

வெளிவருகிறது. இது 1 கிராம் பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பத்திற்கு ஏறக்குறைய சமம். அதாவது, 80 பாகையில் இருக்கும் காப்பி, முழுதும் குளிர்வதற்குள் தன் எடைக்குச் சமமான பனிக்கட்டியை உருக்கிவிடும். (காப்பியில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் நீரின் எண்ணையே எடுத்துக்கொள்கிறோம்.)

இப்போது இரண்டு குவளைகளை ஒப்பிடுவோம். இரண்டிலும் 0 பாகையில் உள்ள பனிக்கட்டி தேவையான அளவு இருப்பதாகக் கொள்வோம்.

முதல் குவளை: சாதாரணமாகக் கலந்த 200 கிராம் காப்பி, 80 பாகை. அதில் கரைந்துள்ள காப்பிப் பொருள் 2.4 கிராம் என வைத்துக்கொள்வோம், செறிவு 1.2 விழுக்காடு. முழுதும் குளிர 200 × 4.2 × 80 = 67,200 ஜூல் வெளிவர வேண்டும். உருகும் பனிக்கட்டி 67,200 ÷ 334 = 201 கிராம். இப்போது 2.4 கிராம் பொருள் 401 கிராம் திரவத்தில் இருக்கிறது. செறிவு 0.6 விழுக்காடாக, சரிபாதியாகக் குறைந்துவிட்டது.

இரண்டாம் குவளை: ஃபின்னில் வடித்த 60 கிராம் காப்பி, 70 பாகை. சொட்டுச் சொட்டாக இறங்குவதால் முன்பே கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அதில் கரைந்த பொருள் 3 கிராம் என்று கொண்டால் செறிவு 5 விழுக்காடு. முழுதும் குளிர 60 × 4.2 × 70 = 17,640 ஜூல் வெளிவர வேண்டும். உருகும் பனிக்கட்டி 53 கிராம். இப்போது 3 கிராம் பொருள் 113 கிராம் திரவத்தில் இருக்கிறது. செறிவு ஏறக்குறைய 2.7 விழுக்காடு.

பார்த்தீர்களா? இரண்டாம் குவளையிலும் பனிக்கட்டி உருகத்தான் செய்தது. காப்பியின் எடைக்குக் கொஞ்சம் குறைவாக. ஆனாலும் அது முதல் குவளையின் சூடான காப்பியைவிட இரு மடங்குக்கும் மேல் கெட்டியாகவே இருக்கிறது. பனிக்கட்டி உருகுவதை யாராலும் தடுக்க முடியாது. உருகப்போகும் நீரை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு காப்பியை வடிக்கலாம். வியட்நாமியர் தங்கள் அனுபவத்தால் கண்டறிந்த வழி இதுதான்.

நிறையப் பனிக்கட்டி போட்டால் நிறைய நீராகுமா?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் 'ஆம்' என்றே சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

வீட்டு உறைபெட்டியிலிருந்து எடுக்கும் பனிக்கட்டி ஏறக்குறைய கழி 18 பாகையில் இருக்கும். அது உருகத் தொடங்குவதற்கு முன் 0 பாகைக்கு வர வேண்டும். அதற்குக் கிராமுக்கு 2.1 × 18, அதாவது ஏறக்குறைய 38 ஜூல் தேவை. இந்த வெப்பத்தையும் காப்பிதான் தருகிறது. ஆனால் இந்த வெப்பத்தால் ஒரு சொட்டு நீர்கூட உருவாவதில்லை.

ஃபின் காப்பியில் 60 கிராம் பனிக்கட்டி போட்டால், 17,640 ஜூலில் 2,270 ஜூல் பனிக்கட்டியை 0 பாகைக்குக் கொண்டுவரச் செலவாகும். மீதி வெப்பம் 46 கிராமை உருக்கும். மிஞ்சுவது வெறும் 14 கிராம். 150 கிராம் போட்டால் 5,670 ஜூல் அவ்வாறு செலவாகும். மீதி வெப்பம் 36 கிராமைத்தான் உருக்கும். 114 கிராம் பனிக்கட்டி அப்படியே மிதக்கும். நிறையப் போட்டதில்தான் குறைவாக உருகியது!

காப்பியை முதலில் அறை வெப்பநிலைக்கு, அதாவது 30 பாகைக்கு ஆறவிட்டால் இன்னும் நல்லது. அப்போது 0 பாகைப் பனிக்கட்டி 53 கிராமுக்குப் பதிலாக 23 கிராம்தான் உருகும்.

குவளைக்கு ஏன் வியர்க்கிறது?

குளிர்ந்த பிறகும் பனிக்கட்டி மெல்ல உருகிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்று சூடாக இருப்பது ஒரு காரணம். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், குவளையின் வெளிப்புறத்தில் படியும் நீர்த்துளிகள். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகும்போது, தன்னிடமிருந்த உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. 1 கிராம் நீராவி ஏறக்குறைய 2,450 ஜூல் தரும். அந்த வெப்பம் முழுவதும் உள்ளே போனால் 7 கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. ஈரப்பதம் மிகுந்த ஹோ சி மின் நகரத்திலும் கோலாலம்பூரிலும் ஐஸ் காப்பி விரைவில் நீர்த்துப்போவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இரட்டைச் சுவர் கொண்ட குவளையில் வெளிச்சுவர் குளிர்வதில்லை, துளிகளும் படிவதில்லை.

டின் பால் ஏன் அடியில் நிற்கிறது?

ஃபின்னை வைப்பதற்கு முன்பே குவளையில் டின் பாலை ஊற்றிவிடுவார்கள். அதன்மேல் சொட்டும் காப்பி கலக்காமல் தனி அடுக்காக நிற்கும்: கீழே வெள்ளை, மேலே கறுப்பு. டின் பாலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம். காப்பியின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். டின் பால் பிசுப்பானது என்பதால் பரவலும் மிக மெதுவாகவே நடக்கும். எனவே கரண்டியால் கலக்க வேண்டும்.

அந்தப் பாலின் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை இருப்பதால், அதற்குள் விழும் நுண்ணுயிரிகளின் உடலிலிருந்து ஊடுபரவல் மூலம் நீர் வெளியேறிவிடும். அவை பெருக முடியாது. டின் பால் எளிதில் கெடாததற்கு இதுவே காரணம்.

பனிக்கட்டியைப் போடுவதற்கு முன், காப்பி சூடாக இருக்கும்போதே பாலைக் கலக்கிவிட வேண்டும். குளிர்ந்த நீரில் சர்க்கரை கரையாது என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் 0 பாகையிலும் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரை கரையும். குறைவது கரையும் வேகம்தான். கரையும் அளவு போதுமானதாகவே இருக்கிறது.

மாறுவது செறிவு, மாறாதது அளவு

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். பனிக்கட்டி உருகியபோது காப்பியின் செறிவு 5 விழுக்காட்டிலிருந்து 2.7 விழுக்காடாகக் குறைந்தது. கரைந்திருந்த பொருளின் அளவு? முன்பும் 3 கிராம், பின்பும் 3 கிராம். நீர் கூடியதால் எதுவும் காணாமல் போகவில்லை. காஃபினுக்கும் சர்க்கரைக்கும் இதே விதிதான்.

நினைவில் வைக்கச் சொன்ன ரொபஸ்டாவை இப்போது எடுப்போம். அரபிக்கா வகையைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு. கொட்டையின் எடையில் 2 விழுக்காடு என்று கொண்டால், 20 கிராம் தூளில் 400 மில்லிகிராம் காஃபின் இருக்கும். அதில் பாதி மட்டுமே குவளைக்குள் இறங்கினாலும் 200 மில்லிகிராம். இளையோருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கருத்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவருக்கு அது 150 மில்லிகிராம். பனிக்கட்டி உருகி வெளிறிப்போன அந்த ஒரே குவளை இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் பகல் முழுதும் சேர்ந்து, நமக்குத் தூக்க உணர்வைத் தருகிறது. காஃபின் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீரவில்லை, களைப்பின் செய்திதான் தடுக்கப்படுகிறது. பெரியவர்களின் உடலில் காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இந்த அளவுப்படி, இரவு 9 மணிக்கு 200 மில்லிகிராம் குடித்தால் அதிகாலை 2 மணிக்கும் 100 மில்லிகிராம் உடலில் இருக்கும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த பாடம் மனத்தில் பதிவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிப்பது, ஓட்டை வாளியில் நீர் இறைப்பது போன்றது.

குளிர்ச்சி இன்னொரு வேலையும் செய்கிறது. குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். 30 கிராம் டின் பாலில் மட்டும் ஏறக்குறைய 13 கிராம் சேர்த்த சர்க்கரை இருக்கிறது. இனிப்புப் போதவில்லை என்று இன்னொரு கரண்டி ஊற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இந்தப் பானத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பகலில், வீட்டாரோடு, ஒரு ஃபின் காப்பியை மூன்று அல்லது நான்கு சிறு குவளைகளில் பகிர்ந்து, மெதுவாக உறிஞ்சிக் குடித்துப் பாருங்கள். வியட்நாமிலும் அதை யாரும் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பிக்காகக் காத்திருப்பதும் பேசுவதும் அங்கே காப்பி நேரத்தின் ஒரு பகுதி.

செய்து பார்ப்போம்

தேவையானவை: இரண்டு எவர்சில்வர் குவளைகள், வெப்பமானி, சமையலறைத் தராசு, அளவுக் குவளை, வடிகட்டி, பனிக்கட்டி 300 கிராம். காப்பி தேவையில்லை, நீரே போதும். வெந்நீரைப் பெரியவர் ஒருவர் உதவியோடு ஊற்றுங்கள். கண்ணாடிக் குவளை விரிசல் விடக்கூடும், அதைத் தவிருங்கள்.

1. முதல் குவளையில் 70 பாகை வெந்நீர் 100 மில்லிலிட்டர், இரண்டாவதில் 30 பாகை நீர் 100 மில்லிலிட்டர் ஊற்றவும்.
2. இரண்டிலும் ஒரே நேரத்தில் 150 கிராம் பனிக்கட்டி போடவும்.
3. வெப்பநிலை 0 பாகையை நெருங்கும் வரை கலக்கவும்.
4. மிஞ்சிய பனிக்கட்டியை வடிகட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு குவளையிலும் உள்ள நீரை அளக்கவும்.

முதல் குவளையில் ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் நீர் அதிகமாக இருக்க வேண்டும். உங்கள் விடை சற்று மாறினால், வெப்பம் வேறு எங்கே போயிருக்கும் அல்லது எங்கிருந்து வந்திருக்கும் என்று எழுதுங்கள். நல்ல ஆய்வறிக்கையில் அந்தப் பத்திக்குத்தான் மதிப்பு அதிகம்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. 40 பாகையில் உள்ள 100 கிராம் காப்பி முழுதும் குளிர, 0 பாகைப் பனிக்கட்டி எத்தனை கிராம் உருகும்?
2. நீருக்குப் பதிலாகக் காப்பியையே உறையவைத்துக் கட்டிகளாக்கிப் போட்டால் செறிவு என்ன ஆகும்? காஃபின் அளவு என்ன ஆகும்?
3. ஒரு குவளையில் 160 மில்லிகிராம் காஃபின் இருந்தது. 60 கிராம் பனிக்கட்டி உருகியபின் நால்வர் சமமாகப் பகிர்ந்தனர். ஒருவருக்கு எவ்வளவு?

விடைகள்: 1. ஏறக்குறைய 50 கிராம். 2. கட்டியும் அதே செறிவுள்ள காப்பி என்றால் செறிவு மாறாது; ஆனால் உருகும் ஒவ்வொரு கட்டியும் காஃபின் அளவைக் கூட்டும். 3. 40 மில்லிகிராம், உருகிய நீர் இந்தக் கணக்கை மாற்றாது.